பெரிய ஸ்பீக்கருக்கு எந்த டியூப் ஆம்ப் சரி? அடிக்கடி வர்ற கேள்விகளும் எனக்க பதிலும்

நான் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை பக்கம். அப்பா மைக் செட் வச்சிருந்தாவ. அம்மன் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடுன்னு சீசன் முழுக்க வால்வு ஆம்ப்ளிஃபயரை (கண்ணாடி டியூப் வச்சு சத்தத்த பெருசாக்கற பெட்டி, இப்ப டியூப் ஆம்புன்னு சொல்றது அதுதான்) தூக்கிட்டு போவாவ, அது சூடாகும்போது வர்ற அந்த வாசனையிலயே வளந்தவன் நான். இப்ப கொஞ்ச வருசமா நம்ம மாவட்டத்துல நெறைய பேரு வீட்டுக்கு பெரிய ஸ்பீக்கர் வாங்கிட்டு, இதுக்கு எந்த டியூப் ஆம்ப் போடலாம்னு கேக்காவ, கல்ஃப்ல இருந்து வரும்போது கொண்டு வந்தவங்க, பழைய செட்ட தூசி தட்டி எடுத்தவங்க, ஆசாரிய வச்சு பெட்டி அடிச்சவங்கன்னு பல மாதிரி. வர்ற கேள்வி மட்டும் ஒண்ணு போலதான் இருக்கு, அதனால மொத்தமா எழுதி வைக்கேன்.

அண்ணே, பெரிய ஸ்பீக்கர்னா பெரிய வாட்ஸ் ஆம்ப் தானே வேணும்?

இல்ல. முக்காவாசி பேரு காசை விடறது இந்த இடத்துலதான். பெட்டி பெருசா இருக்கறதுக்கும் அது கேக்கற வாட்ஸுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது, சொல்லப்போனா பல நேரம் நேர் எதிரா இருக்கும். 15 இஞ்ச் ஊஃபரும் (பேஸ் குடுக்கற பெரிய ஸ்பீக்கர்) ஹார்னும் (குழல் மாதிரி விரிஞ்ச வாய்) வச்ச பெரிய பெட்டி கொஞ்சம் கரண்டுலயே ஊரைக் கூட்டும், ஷெல்ஃபுல வைக்கற சின்ன பெட்டிதான் வாட்ஸ குடிக்கும். 1946-ல அமெரிக்காவுல பால் கிளிப்ஷ் செஞ்ச கிளிப்ஷ்ஹார்ன்னு ஒரு ஸ்பீக்கர், அலமாரி சைஸ்ல ரூம் மூலையில வைக்கறது, அதுக்க சென்சிடிவிட்டி (குடுக்கற வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கற கணக்கு) 105 டெசிபல்னு கம்பெனியே போட்டிருக்கு. அந்த காலத்துல வீட்டுல இருந்த ஆம்ப் பெரும்பாலும் 10, 15 வாட்ஸ்தான், அத வச்சு ஹால நிறைக்கணும்னுதான் ஸ்பீக்கர அவ்வளவு பெருசா செஞ்சாங்க.

அதனால ஆம்ப தேடறதுக்கு முன்ன ஸ்பீக்கருக்க பின்பக்கத்தப் பாருங்க. அங்க ரெண்டு நம்பர் வேணும், சென்சிடிவிட்டி எத்தன டெசிபல், இம்பீடன்ஸ் (ஸ்பீக்கர் கரண்ட எவ்வளவு தடுக்குதுங்கற அளவு) எத்தன ஓம்ஸ். "மேக்ஸிமம் 300 வாட்ஸ்"னு எழுதியிருக்கறது அது தாங்கற அளவு. 300 குடுத்தாதான் பாடும்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

அந்த சென்சிடிவிட்டி நம்பர வச்சு என்ன கணக்கு போடணும்?

ஒரு வாட்ஸ் குடுத்தா ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும்ங்கறதுதான் அது. மனசுல வைக்க வேண்டியது இவ்வளவுதான்: வாட்ஸ ரெண்டு மடங்கு ஆக்கினா 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா 10 டெசிபல் கூடணும், அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு வேணும். அப்ப 30 வாட்ஸ் ஆம்ப குடுத்துட்டு 60 வாட்ஸ் வாங்கினா கிடைக்கறது லேசான வித்தியாசம், ஆனா 88 டெசிபல் ஸ்பீக்கர மாத்தி 98 வாங்கினா அதே ஆம்ப் பத்து மடங்கு பெருசான மாதிரி.

நம்ம ஊரு வீட்டு ஹால எடுத்துக்கலாம், 12க்கு 16 அடி, நீங்க உக்காரற இடம் ஸ்பீக்கர்ல இருந்து 10 அடி. 88 டெசிபல் ஸ்பீக்கர் ரெண்டு, ஆளுக்கு ஒரு வாட்ஸ். தூரத்துல கொஞ்சம் குறையும், ரெண்டு ஸ்பீக்கரும் சுவரும் சேந்து கொஞ்சம் திருப்பி குடுக்கும், காதுல சுமாரா 84, 85 வந்து விழும். பக்கத்துல இருக்கறவங்க கிட்ட பேசணும்னா குரல உசத்தணும், அந்த அளவு சத்தம். ஒரே ஒரு வாட்ஸ்ல! ஆனா தவில்ல ஒரு அடி விழுதுன்னு வைங்க, அந்த நொடி 15 டெசிபல் எகிறும், அதுக்கு 32 வாட்ஸ் வேணும். அப்ப 88 ஸ்பீக்கருக்கு 35, 40 வாட்ஸ் புஷ் புல் ஆம்ப் (அது என்னன்னு கீழ சொல்லுதேன்) சரியா இருக்கும். அதே இடத்துல 98 டெசிபல் ஹார்ன் இருந்தா 3 வாட்ஸ் அதே வேலைய செய்யும், 8 வாட்ஸ் இருந்தா தாராளம்.

பழைய ஸ்பீக்கர், ஸ்டிக்கரே இல்ல. எப்படி கண்டுபிடிக்க?

சென்சிடிவிட்டி தெரிஞ்ச வேற ஒரு ஸ்பீக்கர கொஞ்ச நேரத்துக்கு கடன் வாங்குங்க. ஒரே ஆம்ப், ஒரே பாட்டு, வால்யூம் குமிழ தொடாம மாத்தி மாத்தி போட்டு, ஃபோன்ல சத்தம் அளக்கற ஆப்ப ஒரே தூரத்துல வச்சு பாருங்க. ஃபோன் சொல்ற நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா ரெண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசம் ஓரளவு சரியா வரும், நமக்கு அது போதும்.

ஓம்ஸுக்கு மல்டிமீட்டர் இருக்கே. ஸ்பீக்கர ஆம்புல இருந்து கழட்டிட்டு அளந்தா 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மூணு, மூணேகால் காட்டும். நம்ம பக்கம் அடிக்கற பெட்டிகள்ல ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு 8 ஓம்ஸ் ஊஃபர பேரலல்ல போட்டு வச்சிருப்பாவ, வெளிய 8னு சொல்லுவாவ, உள்ள 4 ஓம்ஸ் இருக்கும். அளந்து பாக்காம நம்பாதீங்க.

ஆம்புக்கு பின்னால 4, 8, 16னு தனித்தனி டெர்மினல் இருக்கே, எதுல மாட்ட?

முதல்ல ஸ்பீக்கர்ல எழுதியிருக்கற நம்பர்ல மாட்டுங்க. ஆனா 8 ஓம்ஸ்னு எழுதின ஸ்பீக்கர் எல்லா சுருதியிலயும் 8 கிடையாது, சில இடத்துல 3 வரைக்கும் இறங்கும், வேற இடத்துல 30க்கு ஏறும். அப்படி இறங்கற ஸ்பீக்கரா இருந்தா 4 ஓம்ஸ்ல மாட்டினா பேஸ் இறுக்கமா வரும், டிஸ்டார்ஷன் குறையும், சத்தம் கொஞ்சம் குறையலாம், பரவால்ல. ரெண்டுலயும் ஒவ்வொரு வாரம் ஓட்டி பாத்து காதுக்கு பிடிச்சத வைங்க. ஒவ்வொரு தடவையும் ஆம்ப ஆஃப் பண்ணிட்டுதான் வயர மாத்தணும்.

சிங்கிள் எண்டடா, புஷ் புல்லா?

சிங்கிள் எண்டட்ல பொதுவா ஒரு பக்கத்துக்கு (இடது, வலதுன்னு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும்) ஒரே ஒரு பவர் டியூப், முழு சத்தத்தையும் அது மட்டுமே சுமக்கும். குரல் அப்படியே முன்னால வந்து நிக்கும், பாடறவங்க மூச்சு எடுக்கறது வரைக்கும் கேக்கும், நான் அத ரொம்ப விரும்பற ஆளு. ஆனா வாட்ஸ் குறைவு. 2ஏ3ன்னா மூணரை வாட்ஸ், 300பின்னா சுமார் 8, பெரிய 845 போட்டாலும் 20 பக்கம்தான். அது போக ஊஃபர பிடிச்சு நிறுத்தற பிடிமானம் குறைவு. 15 இஞ்ச் ஊஃபர் பெரிய கோன், ஒரு தடவ தள்ளினா சொன்ன இடத்துல நிக்கணும், ஆம்புக்கு பிடி இல்லன்னா அது தொளதொளன்னு ஆடும், பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுருதியா கேக்காம ஒரே 'பும்'முன்னு கேக்கும்.

புஷ் புல்ல ரெண்டு டியூப் எதிரும் புதிருமா வேலை செய்யும், வாட்ஸும் பிடிமானமும் கூட. எனக்க அபிப்பிராயம், 95 டெசிபலுக்கு மேல உள்ள ஹார்ன் ஸ்பீக்கர்னா சிங்கிள் எண்டட் தைரியமா போடுங்க, 87ல இருந்து 92 வரைக்கும் புஷ் புல், இடையில இருந்தா ரூம் சைஸும் கேக்கற பாட்டும் முடிவு பண்ணட்டும்.

இஎல்34, கேடி88, 6எல்6, 300பி, எந்த டியூப் நல்லது?

டியூப் பேர வச்சு ஆம்ப் வாங்காதீங்க, ஆனா கேக்கறதால சொல்லுதேன். 6எல்6 அமெரிக்காவுல 1936-ல வந்தது, முரடு, எங்க அப்பா மைக் செட்ல இருந்த டியூப் அதுதான், விழுந்து எழும்பினாலும் பாடும். இஎல்34 ஐரோப்பா சரக்கு, நடு சத்தம் இனிப்பா இருக்கும், பழைய பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் கொள்ளாம். டைனகோங்கற கம்பெனி 1959-ல நாலு இஎல்34 போட்டு பக்கத்துக்கு 35 வாட்ஸ்னு எஸ்டி-70 விட்டுச்சு, அத இன்னைக்கும் ஆளுங்க ரிப்பேர் பண்ணி ஓட்டிட்டு இருக்காங்க. கேடி88 இங்கிலாந்துல 1956-ல வந்தது, பெரிய டியூப், பேஸ் நல்லா இறங்கும், மெக்கின்டாஷ் 1961-ல விட்ட எம்சி275 நாலு கேடி88ல பக்கத்துக்கு 75 வாட்ஸ் குடுக்கும். 300பி 1938-ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் விட்டது, மேல சொன்ன 8 வாட்ஸ் ஆளு.

88, 90 டெசிபல்ல பெரிய டவர் ஸ்பீக்கர் வச்சிருக்கறவங்க யோசிக்காம இஎல்34 இல்லன்னா கேடி88 புஷ் புல்லுக்கு போங்க. ஹால் பெருசு, ஸ்பீக்கர் 4 ஓம்ஸ்னா கேடி88.

அப்ப டியூப விட முக்கியமா என்ன பாக்கணும்?

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். டியூப் நாளைக்கு மாத்திக்கலாம், இத மாத்த முடியாது. டியூப் 400, 450 வோல்ட்ல கொஞ்சூண்டு கரண்ட வச்சு வேலை செய்யற சாதனம், ஸ்பீக்கருக்கு வேண்டியது கம்மி வோல்ட்டும் கூடுதல் கரண்டும், நடுவுல நின்னு மாத்திக் குடுக்கறது இந்த இரும்புதான். இரும்பு சின்னதா இருந்தா பேஸ் வரும்போது திணறிடும், பெரிய ஊஃபர் வாங்கினதே வீணா போயிரும்.

அதனால கடையில ஆம்ப பாக்கும்போது முதல்ல தூக்கி பாருங்க. 40 வாட்ஸ் ஸ்டீரியோனு போட்டு 8, 9 கிலோல இருந்தா எனக்கு நம்பிக்கை வராது. எம்சி275 கிட்டத்தட்ட 30 கிலோ! ஸ்பெசிஃபிகேஷன்ல "30 ஹெர்ட்ஸ்ல முழு வாட்ஸ்"னு எழுதியிருந்தா அந்த கம்பெனிய மதிக்கலாம், வெறும் "1 கிலோஹெர்ட்ஸ்ல 40 வாட்ஸ்"னு மட்டும் எழுதியிருந்தா பேஸ்ல எவ்வளவுன்னு கேளுங்க.

சவுதியில இருந்து, அமெரிக்காவுல இருந்து மாப்ள கொண்டு வரேன்னு சொல்றாரு. வாங்கலாமா?

நம்ம ஊருல இது ரொம்ப வர்ற கேள்வி. பின்னால ஒட்டியிருக்கற லேபிள ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, வோல்ட்டேஜும் ஹெர்ட்ஸும் ரெண்டும் பாக்கணும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாய், குவைத் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், பிரச்சனை இல்ல. சவுதி 60 ஹெர்ட்ஸ், அமெரிக்கா 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு குறைச்சுக்கலாம், ஹெர்ட்ஸ அது மாத்தாது. 60க்குன்னு மட்டும் சுத்தின பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50ல ஓடினா கொதிக்கும், உறுமும், வேனக்காலத்துல எரிஞ்சே போகலாம். லேபிள்ல 50/60ன்னு இருந்தா பயப்படாம வாங்குங்க. ஜப்பான் செட்டு பொதுவா 50/60 ரெண்டுக்கும் செஞ்சிருப்பாவ, ஏன்னா அந்த நாட்டுலயே பாதி 50, பாதி 60, ஆனா வோல்ட் 100, அதுக்கு சரியான ஸ்டெப் டவுன் வேணும்.

இன்னொண்ணு, டியூப கழட்டி தனியா பஞ்சு சுத்தி கையிலயே கொண்டு வர சொல்லுங்க, எந்த டியூப் எந்த சாக்கெட்னு மார்க்கர்ல எழுதிட்டு.

நம்ம ஊரு கரண்ட் டியூப் ஆம்புக்கு ஒத்துவருமா?

வரும், ஆனா பாதுகாப்பு வேணும். கிராமத்துல டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீடுகள்ல ராத்திரி 250க்கு மேல போறத நானே மீட்டர்ல பாத்திருக்கேன், சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போட்டா 190. வோல்ட்டேஜ் கூடினா ஹீட்டரும் (டியூப சூடாக்கற கம்பி) கூடும், ஹைடென்ஷனும் (டியூபுக்கு போற அந்த 400, 450 வோல்ட்) கூடும், டியூபுக்கு ஆயுசு குறையும். நல்ல ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டுருங்க, சர்வோ டைப் கொள்ளாம், ரிலே டைப்ல டக் டக்னு மாறும்போது ஸ்பீக்கர்லயும் கேக்கும்.

இன்வெர்ட்டர்ல ஓட்டணும்னா ப்யூர் சைன் வேவ் மட்டும். சாதா ஸ்கொயர் வேவ்ல போட்டா டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி கத்தும்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-ல அடிச்சப்ப நம்ம மாவட்டத்துல நாள்கணக்குல கரண்ட் இல்ல, ஞாபகம் இருக்கும். அப்ப எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல ஆம்ப் சுவிட்ச் ஆன்லயே கிடந்திருக்கு, திரும்ப கரண்ட் விட்டுவிட்டு வந்தப்ப ரெக்டிஃபயர் டியூபும் ஃபில்டர் கப்பாசிட்டரும் போயிருச்சு. கரண்ட் போச்சுன்னா முதல்ல ஆம்ப் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. ஐப்பசி மாச இடிக்கு சுவிட்ச் பத்தாது, பிளக்கையே உருவி வைங்க, டிஷ் கேபிளையும் சேத்து.

கடல் பக்கத்துல வீடு. உப்புக்காத்து ஆம்ப கெடுக்குமா?

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் உள்ளவங்களுக்கு இது உண்மையான பிரச்சனை. டியூப் காலும் சாக்கெட்டும் பச்சை பூக்கும், கரகரன்னு சத்தம் வரும், ஒரு பக்கம் வந்து வந்து போகும், டியூப் போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்குவாவ. அதுக்கு முன்ன ஆஃப் பண்ணி, பிளக்க உருவி, நல்லா ஆறின பிறகு டியூப நேரா மேல தூக்கி காலை காண்டாக்ட் கிளீனர்ல துடைச்சு திரும்ப போடுங்க. வாரத்துல ரெண்டு நாளாவது ஓட்டினா அந்த சூட்டுலயே ஈரம் போயிரும், மாசக்கணக்குல சும்மா வைக்கறதுதான் கெடுதல்.

அடுத்தது பல்லி. சிரிக்காதீங்க, மழைக்காலத்துல சூடு தேடி அடியில ஏறும், ஹைடென்ஷன் இருக்கற ரெண்டு முனைக்கு நடுவுல போனா அதுவும் போச்சு, ஃபியூஸும் போச்சு, சில நேரம் ரெசிஸ்டரும். அடித்தட்டு காத்து ஓட்டைகள்ல உள்பக்கமா மெல்லிசு கம்பி வலை ஒட்டி வச்சா தீந்தது.

பயாஸ்னா என்ன? நானே பாத்துக்க முடியுமா?

சத்தம் இல்லாதப்பவும் பவர் டியூப்ல எவ்வளவு கரண்ட் ஓடணும்னு நிறுத்தி வைக்கறதுதான் பயாஸ். செல்ஃப் பயாஸ் ஆம்புல அது தானா பாத்துக்கும், டியூப மாத்திட்டு பாட்டு கேக்கலாம். ஃபிக்ஸட் பயாஸ்ல நம்மதான் குட்டி ஸ்க்ரூவ திருகி மீட்டர்ல பாத்து வைக்கணும். முதல் தடவ வாங்கறவங்க, பக்கத்துல தெரிஞ்ச மெக்கானிக் இல்லாதவங்க செல்ஃப் பயாஸ் வாங்குங்க, இல்லன்னா மேல் தட்டுலயே மீட்டரும் ஸ்க்ரூவும் இருக்கற மாடல்.

கண்ணால பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டியூப பாருங்க. நடுவுல ஹீட்டர் ஆரஞ்சு நிறத்துல எரியும், அது சரி. கண்ணாடி உள்சுவர்ல மெல்லிசா நீலம் படரும், சத்தத்தோட சேந்து ஆடும், அதுவும் சரி, அழகா இருக்கும். ஆனா வெளிய உள்ள சாம்பல் நிற தகடு, பிளேட்டுன்னு சொல்றது, அது சிவக்க ஆரம்பிச்சா உடனே ஆஃப் பண்ணிருங்க, ஒரு பாட்டு முடியட்டும்னு நிக்காதீங்க. பொதுவா டியூப் தலையில வெள்ளி மாதிரி பூச்சு இருக்கும், அது வெள்ளை சுண்ணாம்பு மாதிரி ஆயிருந்தா உள்ள காத்து புகுந்திருச்சு, தூக்கிப் போடுங்க.

ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணலாமா?

கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்புல ஒண்ணும் ஆகாது, டியூப் ஆம்புல ஆகும். எனக்கு பத்தாம் கிளாஸ் படிக்கும்போது நடந்தது: கொடைக்கு போட்டிருந்த செட்டுல லைன் அறுந்திருந்தது தெரியாம ஆம்ப ஆன்ல விட்டு, சத்தம் வரலயேன்னு வால்யூம முழுசா ஏத்திட்டேன். உள்ள சடசடன்னு பொறி, அப்புறம் மெழுகு உருகற வாசனை. போக வழி இல்லாத சக்தி வோல்ட்டேஜா ஏறி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுத்து ஓட்டை ஆயிருச்சு. அப்பா ஒரு வார்த்தை திட்டல, ராத்திரி முழுக்க உக்காந்து அத கழட்டினாவ, நான் டார்ச் பிடிச்சேன். மறு சுத்து சுத்த குடுத்து வாங்க ரெண்டு மாசம் ஆச்சு, அந்த சீசன் போச்சு.

ஸ்பீக்கர் வயர் முனைய நல்லா முறுக்கி, ஸ்பேடோ பனானா பிளக்கோ போட்டு இறுக்கி வைங்க.

டியூப் எத்தன வருசம் வரும்? எங்க செய்றாங்க இப்ப?

பவர் டியூப் 2000ல இருந்து 5000 மணி நேரம். தினம் ரெண்டு மணி நேரம் கேட்டா ரெண்டரை வருசத்துக்கு குறையாது. முன்னால உள்ள சின்ன டியூப், 12ஏஎக்ஸ்7 மாதிரி, அத விட ரொம்ப வருசம் வரும். இப்ப ஸ்லோவாக்கியாவுல ஜேஜே, ரஷ்யாவுல சரடோவ் ஃபேக்டரி, சீனாவுல சில கம்பெனிகள். ஒரு காலத்துல பெங்களூர் பெல் கம்பெனியே ரேடியோ வால்வு செஞ்சது, பழைய ரேடியோ மெக்கானிக் கடைகள்ல அட்டைப்பெட்டி பிரிக்காம இன்னும் கிடைச்சா விடாதீங்க. பவர் டியூப் வாங்கும்போது மேட்ச் பண்ணின (ஒரே அளவு கரண்ட் எடுக்கற) ஜோடியா வாங்குங்க.

ஆன் பண்ணினா உய்ங்னு ஒரு ஹம். என்ன செய்ய?

ஹார்ன் ஸ்பீக்கர்ல இது அதிகமா தெரியும், நல்ல சென்சிடிவிட்டி சின்ன ஹம்மையும் பெருசு பண்ணும். முதல்ல எல்லா இன்புட் வயரையும் உருவுங்க. ஹம் போச்சுன்னா குத்தம் ஆம்புல இல்ல, டிவி டிஷ் கேபிள் வழியா எர்த் லூப் (ரெண்டு எர்த் வழி சேந்து சுத்தற கரண்ட்) வருது, ஒவ்வொண்ணா மாட்டி கண்டுபிடிங்க. அப்பவும் இருந்தா டியூபோ கப்பாசிட்டரோ. எர்த் பின்ன உடைச்சா ஹம் போகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உசுரு போற காரியம் அது.

கரண்ட் பில் கூடுமா?

கேடி88 புஷ் புல் ஸ்டீரியோ ஆம்ப் சும்மா இருக்கும்போதே சுமார் 250 வாட்ஸ் எடுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் மூணு மணி நேரம்னா ரெண்டு மாச பில்லுல 45 யூனிட். 300பி செட்டுன்னா இதுல பாதி.

வாங்கறதுக்கு முன்ன எத போட்டு கேக்கணும்?

உங்க ஸ்பீக்கர்ல கேக்கணும், கடைக்காரர் ஸ்பீக்கர்ல இல்ல, இது கஷ்டம்தான் ஆனா முடிஞ்சா ஆம்ப ஒரு நாளைக்கு வீட்டுக்கு கேளுங்க. நான் போடறது வில்லுப்பாட்டு ரெக்கார்டிங். நம்ம ஊரு கலைங்கறதுக்காக மட்டும் சொல்லல, குடத்து வாயில, அத அடிக்கற பத்தி விழும்போது வர்ற அந்த 'தொம்' ஊஃபரையும் ஆம்பையும் ஒரே நேரத்துல சோதிக்கும். நல்லா பொருந்தினா அடி, அதுக்குப் பின்னால குடத்துக்குள்ள சுத்தற காத்து, அப்புறம் அமைதி, மூணும் தனித்தனியா கேக்கும். பொருந்தலன்னா மூணும் கலந்து ஒரு முழக்கம். வில்லுல கட்டின மணி மேல கேக்கும், அது காத குத்தினா ட்வீட்டர் (கீச்சு சத்தம் குடுக்கற சின்ன ஸ்பீக்கர்) பக்கம் ஏதோ சரியில்ல. அதுக்கப்புறம் ஒரு நாதஸ்வரம், கொஞ்சம் சத்தமாவே. அது நெறிஞ்சு கேட்டா உங்க ஸ்பீக்கருக்கு அந்த வாட்ஸ் பத்தல.

ஹால்ல மார்பிளோ கிரானைட்டோ போட்டு வெறும் சுவரா இருந்தா எந்த ஆம்பும் எதிரொலிக்கும், நடுவுல கட்டியா ஒரு கயிறு மேட் விரிச்சுட்டு பிறகு கேளுங்க.

வீட்டுல சின்ன பிள்ளைங்க இருக்கு, வைக்கலாமா?

வைக்கலாம், டியூப் மேல மாட்டற கம்பிக்கூடு இருக்கற மாடலா வாங்கி, அந்தக் கூட்ட எப்பவும் கழட்டாம. கண்ணாடி தொட்டா கை பொத்துரும். அடித்தட்ட மட்டும் யாரும் சும்மா திறக்கக்கூடாது, பிளக்க உருவின பிறகும் கப்பாசிட்டர்ல 400 வோல்ட் உக்காந்திருக்கும், மெக்கானிக்கே ரெசிஸ்டர் வச்சு அத இறக்கிட்டு, மீட்டர்ல பூஜ்யம் பாத்துட்டுதான் கை வைப்பாரு.